தகவல் தந்தவர்: சோலைமலை

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேணாம், ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன், இப்ப வந்துரும். எங்க முதலாளி மகன் சின்னவர் காலையிலயே போன்ல சொல்லிட்டாரு. "அண்ணே, திண்டுக்கல்ல ஒரு ஆஸ்பத்திரி. அவங்க கம்ப்யூட்டர் வேலை பூராத்தையும் நம்ம வேலையைப் பாக்குற கோயமுத்தூர் கம்பெனிக்கே குடுக்கலாமான்னு யோசிக்கிறாங்க. ஒருத்தர் நேர்ல விசாரிக்க வர்றாரு. நடந்ததை நடந்தபடி சொல்லுங்க"ன்னாரு. நடந்தபடிதான் சொல்லப்போறேன். எனக்கு வேற மாதிரி சொல்ல வராது.

என் பேரு சோலைமலை. இந்த மயில்ராணி டிராவல்ஸ்ல இருபத்திரெண்டு வருஷம். கம்ப்யூட்டர் இன்சார்ஜ். இப்ப கோஆர்டினேட்டர்னு போட்டிருக்காய்ங்க, கதவுல பாத்திருப்பீங்க. பன்னெண்டு பஸ், ஏழு கவுண்டர். எல்லாக் கவுண்டருக்கும் டிக்கெட் போடுற சாஃப்ட்வேர் நான் எழுதினது. ஒத்தை ஆளா எழுதினேன். யாருகிட்டயும் போயி படிக்கல, ஒரு புத்தகத்தை வச்சுக்கிட்டு ராவும் பகலுமா உக்காந்து எழுதினது. அது எனக்கு மூணாவது பிள்ளை மாதிரி. மத்த ரெண்டு பிள்ளையும் என் பேச்சைக் கேக்காது, இது கேக்கும்.

என்ன கேட்டீங்க? ஏன் வெளிய குடுத்தோம்னா? நல்ல கேள்வி. அதை இந்த ஆபீசுல ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாய்ங்க. பெரியவர்கிட்ட கேட்டா செலவு குறையும்னுவாரு. சின்னவர்கிட்ட கேட்டா, "நம்ம தொழில் பஸ் ஓட்டுறதுண்ணே, கம்ப்யூட்டர் ஓட்டுறது இல்ல"ம்பாரு. ஆடிட்டர் 'ரிஸ்க்' அப்படின்னு ஒரே வார்த்தையில முடிச்சுருவாரு. அவரு என்னைப் பாத்துக்கிட்டே அதைச் சொல்லுவாரு, ஏன்னு தெரியல. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு கவுண்டர்ல வீரணன்னு ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட அவுட்சோர்சிங்னு சொன்னதும், "யாருண்ணே அவுட்டு?"ன்னு கேட்டான். "நான்தான்டா"ன்னேன்.

நீங்க உண்மையான காரணத்தைக் கேளுங்க. ஃபேஷன் சார். சின்னவர் ஒரு மீட்டிங்குக்கு மெட்ராஸ் போனாரு. அங்க மத்த டிராவல்ஸ்காரய்ங்க பூராம் வெளிய குடுத்துட்டோம்னு பேசிக்கிட்டாய்ங்க. இவரும் வந்து குடுத்துட்டாரு. அம்புட்டுதான். மத்தபடி இங்க ஒரு குறையும் கிடையாது. நான் இருக்கிற வரைக்கும் என்ன குறை வந்துரும்?

நான் எப்படி இருந்தேன்னு சொல்றேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். இருபத்திரெண்டு வருஷத்துல நான் ஒரு கல்யாணத்துலயும் பந்தி முடியிற வரைக்கும் உக்காந்தது இல்ல. ரசத்துக்கு வரும்போது போன் வந்துரும். என் சொந்தத் தங்கச்சி மக கல்யாணத்துல, தாலி கட்டுற நேரத்துல, பெரியவர் காரே அனுப்பிட்டாரு. தேனி கவுண்டர்ல திரை நீலமாப் போச்சுன்னு. மண்டபத்துல எல்லாரும் என்னையத்தான் பாக்குறாய்ங்க, மாப்பிள்ளையை ஒருத்தரும் பாக்கல. என் வீட்டுக்காரி, "உங்களுக்கு ஒரு நாள்கூட லீவு கிடையாதா?"ன்னு கோவிச்சுக்கிட்டா. எனக்கு கோவமே வரல சார். உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணாய்ங்க, அது ஒரு ஆறு வருஷம் இருக்கும். மயக்க ஊசி போடுறதுக்கு முன்னால டாக்டர், "ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுங்க"ன்னாரு. நான் பாஸ்வேர்டைச் சொல்லிட்டேன். பக்கத்துல நின்ன நர்சு சிரிச்சுச்சு. முழிப்பு வந்ததும் மொத வேலையா பாஸ்வேர்டை மாத்துனேன். தையல் பிரிக்கிறதுக்கு முன்னாடியே. அம்புட்டு பொறுப்பு.

பாஸ்வேர்டு வேற யாருக்கும் தெரியாது. எதுக்குத் தெரியணும்? தெரிஞ்சா ஆளாளுக்குக் கை வைப்பாய்ங்க. ப்ரோக்ராமுக்குள்ளயே அங்கங்க எழுதி வச்சிருப்பேன், 'இங்க கை வைக்காதே - சோலைமலை'ன்னு. ஃபைலுக்குப் பேர் வைக்கிறதுலயும் ஒரு முறை இருக்கு. 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'கடைசி', 'கடைசிக்குக் கடைசி', 'இதான் கடைசி'. இதுல இப்ப ஓடுறது எதுன்னு கேட்டா நான் டக்குன்னு சொல்லிருவேன். 'கடைசிக்குக் கடைசி'. மத்தவனுக்குத் தெரியாது. அதுதான் சார் பாதுகாப்பு.

வெளிய குடுக்கிறதுக்கு முந்தின வருஷம் கார்த்திகையில மாலை போட்டு சபரிமலைக்குப் போனேன். அஞ்சு நாள். மலைமேல டவர் சரியா கிடைக்கல. நான் போன ரெண்டாவது நாளே இங்க சர்வர் நின்னுருச்சு. அது அப்படித்தான், எப்பவாவது நிக்கும், ஒரு தட்டு தட்டினா ஓடும். எங்க தட்டணும்னு இவய்ங்களுக்குத் தெரியல. மூணு நாள் பேப்பர்ல பேனாவால எழுதி பஸ் விட்டிருக்காய்ங்க. முகூர்த்த நாள் வேற. ஒரு கல்யாண கோஷ்டியில மாப்பிள்ளை வீட்டார் ஒரு பஸ்ல, மாப்பிள்ளை இன்னொரு பஸ்ல. சின்னவர் தூங்காம கவுண்டர்லயே உக்காந்து பாசஞ்சர்கிட்ட ஏச்சு வாங்கியிருக்காரு. மலை இறங்கி பம்பைக்கு வந்து போனைத் தொறந்தா அறுபத்தி நாலு மிஸ்டு கால். மனசு நெறைஞ்சு போச்சு சார். சாமியைப் பாத்தப்பகூட அப்படி நெறையல. மாலை போட்டுட்டுப் பொய் சொல்லக் கூடாது.

தை மாசம் சின்னவர் வெளிய குடுக்கிற பேச்சை எடுத்தாரு. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

டீ வந்துருச்சு, எடுத்துக்கங்க. சக்கரை கம்மியாத்தான் சொன்னேன்.

ஆடி மாசம் கோயமுத்தூர் கம்பெனிக்காரங்க வந்தாங்க. முதல்ல மூணு பேரு, டை கட்டிக்கிட்டு. என் சாஃப்ட்வேரையே இப்போதைக்கு அவங்க பாத்துக்குவாங்களாம், அடுத்த வருஷம் புதுசா ஒண்ணு போடுவாங்களாம். "உங்க மண்டையில இருக்கிறதை எல்லாம் நாப்பத்தஞ்சு நாள்ல நாங்க எழுதி வாங்கிக்கணும் சார்"னாங்க. இருபத்திரெண்டு வருஷத்தை நாப்பத்தஞ்சு நாள்ல. சரி, எழுதுங்கன்னேன். எழுதறதுக்கு அவங்க அனுப்புன ஆளுதான் ஹெப்சிபா.

ஹெப்சிபாவுக்கு முப்பத்திரெண்டு, முப்பத்தி மூணு வயசு இருக்கும். நாசரேத் பக்கம் சொந்த ஊரு, கோயமுத்தூர்ல குடித்தனம், அஞ்சு வயசுல ஒரு பையன். திங்கக்கிழமை வரும், வெள்ளிக்கிழமை போகும். மெதுவாப் பேசும். ஒண்ணைக் கேக்கும், நான் சொல்லுவேன், எழுதிக்கும். எழுதி முடிச்சுட்டு, "வேற ஏதாவது இருக்கா சார்?"னு கேக்கும். நான், "அம்புட்டுதாம்மா"ம்பேன். மறுபடி கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பாக்கும். அப்படிப் பாத்தா நமக்கே இன்னும் ஒண்ணு ஞாபகம் வரும், சொல்லிருவேன். அது ஒரு வித்தை. நீங்க அந்த கம்பெனிக்குக் குடுத்தா அந்தப் பொம்பளையையே கேட்டு வாங்குங்க.

'கடைசிக்குக் கடைசி'தான் ஓடுதுன்னு சொன்னப்ப மட்டும் பேனாவைக் கீழ வச்சுட்டு, "சார், தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு எந்திரிச்சுப் போச்சு. வர இருபது நிமிசம் ஆச்சு.

இதுக்கு நடுவுல டிக்கெட் கூத்து. அதைச் சொல்லாம விட்டா நீங்க திண்டுக்கல்ல போயி மாட்டிக்கிருவீங்க.

இந்தக் கம்பெனிக்காரங்க வழக்கம் என்னன்னா, எந்தக் குறையா இருந்தாலும் போன்ல சொல்லக் கூடாது, எழுதிப் பதிவு பண்ணணும். அதுக்கு அவங்க பாஷையில பேரு டிக்கெட். குறைக்கு ஒரு டிக்கெட் போட்டா நம்பர் வரும், அந்த நம்பரை வச்சு அவங்க சரி பண்ணுவாங்க. இங்கிலீஷ்ல ஒரு சுற்றறிக்கை குடுத்தாங்க. கவுண்டர் பயலுகளுக்கு அதைத் தமிழ்ல நான்தான் எழுதினேன். அதுல ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. 'இனி கம்ப்யூட்டரில் எந்தக் குறை ஏற்பட்டாலும் உடனே டிக்கெட் போடவும். டிக்கெட் போடாத குறைகள் கவனிக்கப்படமாட்டாது.' இதுல என்ன சார் தப்பு?

வீரணன் படிச்சான். அவன் பதினாறு வருஷமா கவுண்டர்ல உக்காந்து டிக்கெட் போடுறவன். அவனுக்கு டிக்கெட் போடுறதுன்னா ஒண்ணுதான். மறுநாள் பிரிண்டர் மக்கர் பண்ணியிருக்கு. போட்டான் டிக்கெட். மதுரை டு கோயமுத்தூர். கம்பெனி கோயமுத்தூர்லதான இருக்கு, குறை அங்கதான போகணும். பாசஞ்சர் பேரு, பிரிண்டர் ரிப்பேர். வயசு நாலு, ஏன்னா பிரிண்டர் வாங்கி நாலு வருஷம். ஆணா பெண்ணான்னு கேக்கும், நிரப்பாம விடாது. ஆண்னு போட்டான். அப்புறம் மௌஸ் வேலை செய்யல, அதுக்கு ஒண்ணு. நெட்டு ஸ்லோ, அதுக்கு ஒண்ணு. கீபோர்டுல ஒரு எழுத்து விழல, அதுக்கு ஒண்ணு, அதைப் பெண்னு போட்டுட்டான். பொம்பளைக்குப் பக்கத்து சீட்டை ஆம்பளைக்குக் குடுக்க சிஸ்டம் விடாது, அது நான் எழுதின கட்டுப்பாடு. ஆக கீபோர்டுக்குப் பக்கத்து சீட்டும் போச்சு. தேனியில இருந்து, திருமங்கலத்துல இருந்து, எல்லாரும் வீரணன்கிட்டக் கேட்டுக்கிட்டு இதே மாதிரி போட்டாய்ங்க. ஒரே பஸ்ல பதினோரு குறை ஏறிருச்சு.

சாயங்காலம் மாட்டுத்தாவணியில கோயமுத்தூர் பஸ் நிக்குது. பஸ்ல வர்ற உதவியாளர் சார்ட்டைக் கையில வச்சுக்கிட்டுக் கூப்பிடுறான். "பிரிண்டர் ரிப்பேர் வந்தாச்சா? நெட்டு ஸ்லோ? மௌஸ் வேலை செய்யல, சீட் நம்பர் பதினாலு?" பஸ்ல இருக்கிற சனம் ஒருத்தரை ஒருத்தர் பாக்குது. டிரைவர் இருபது நிமிசம் காத்திருந்து பாத்துட்டு, சார்ட்டுல இருக்கிற நம்பருக்குப் போன் போடச் சொல்லியிருக்காரு. எல்லாத்துக்கும் வீரணன் அவன் நம்பரைத்தான் குடுத்திருக்கான். "சார், வண்டி கெளம்புது, வர்றீங்களா இல்லையா?"ன்னு இவன் கேக்க, "நான் எதுக்கு வரணும்? பிரிண்டர்தான் வரணும்"னு அவன் சொல்ல, ரெண்டு பேரும் பத்தடி தூரத்துல நின்னுக்கிட்டு போன்ல சண்டை.

பதினோரு சீட்டு காலியாப் போச்சு சார். பெரியவர் மொதமொறையா கோயமுத்தூர் கம்பெனியை ஏசினாரு. நான் வருத்தமா மூஞ்சியை வச்சுக்கிட்டு நின்னேன். அந்த மூஞ்சியை வச்சுக்க ரொம்பச் சிரமப்பட்டேன்.

ஹெப்சிபா கோவப்படும்னு பாத்தேன். படல. நேரா மாட்டுத்தாவணிக்குப் போயி வீரணன் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு அரை நாள் உக்காந்துச்சு. திரும்பி வந்து, "சார், அவர் மேல தப்பே இல்ல. நம்ம வார்த்தையை மாத்திருவோம். டோக்கன்னு வச்சுருவோம், எல்லாருக்கும் தெரியும்"னுச்சு. அன்னியிலிருந்து டோக்கன். சுற்றறிக்கையைத் தமிழ்ல எழுதினது யாருன்னு பெரியவர் கேட்டப்ப, "நாங்க அனுப்பினதுதான் சார், எங்க பிழை"ன்னுச்சு. நான் அப்ப பக்கத்துலதான் நின்னேன். அவங்க இங்கிலீஷ்ல அனுப்பினாங்கங்கிறதும் உண்மைதான.

சரி, இப்ப ஒண்ணு சொல்றேன். இதை உங்க பேப்பர்ல எழுத வேணாம். பேனாவை மூடி வைங்க.

எல்லாத்தையும் சொன்னேன்னு சொன்னேன்ல, ஒண்ணே ஒண்ணைச் சொல்லல.

எங்க டிக்கெட் நம்பர் அஞ்சு இலக்கம். முன்னால ஒரு எழுத்து. ஏ-ல ஆரம்பிச்சேன். ஏ 00001-ல இருந்து ஏ 99999 வரைக்கும் போகும். அதுக்கப்புறம் எழுத்தை பி-ன்னு மாத்தணும். மாத்தலைன்னா மறுபடி ஏ 00001-க்கே போயி, இந்த நம்பர் ஏற்கெனவே இருக்கேன்னு முழிச்சுக்கிட்டு நிக்கும். ஏழு கவுண்டர்லயும் ஒரு டிக்கெட் விழாது. அந்த ஒத்தை எழுத்து ஒரு மூலையில, ஒரு சின்ன ஃபைல்ல இருக்கு. இப்பல்லாம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை வரும். இதுவரைக்கும் ஒம்பது தடவை மாத்தியிருக்கேன். தானா மாறிக்கிற மாதிரி எழுத அரை மணி நேரம் போதும். எழுதல.

ஏன் எழுதலன்னு கேக்குறீங்களா? எழுதிட்டா வருஷா வருஷம் பெரியவர் பதறிக்கிட்டு என் ரூமுக்கு எதுக்கு வரப்போறாரு? பத்து செகண்டு வேலை சார். பத்து செகண்டுல முடிச்சுட்டு வெளிய வந்தா எவன் மதிப்பான்? சர்வர் ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, ஏசியைப் போட்டுக்கிட்டு, பேப்பர் படிப்பேன். விளம்பரம் வரைக்கும் ஒண்ணு விடாமப் படிப்பேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு நெத்தியில கொஞ்சம் தண்ணியைத் தொட்டுத் தடவிக்கிட்டு வெளிய வருவேன். "முடிஞ்சுருச்சுங்கய்யா"ம்பேன். பெரியவர் என் கையைப் புடிச்சுக்குவாரு. ஜிகர்தண்டா வாங்கிட்டு வரச் சொல்லுவாரு, பெரிய டம்ளர்ல.

அதைத்தான் ஹெப்சிபாகிட்ட சொல்லல. கடைசி நாள் அது கேட்டுச்சு, "வேற ஏதாவது விட்டுப்போச்சா சார்?" மூஞ்சியைப் பாத்துச்சு. நான் ஜன்னலைப் பாத்தேன். "அம்புட்டுதாம்மா"ன்னேன்.

கெட்ட எண்ணம்னு நினைக்காதீங்க. பயம் சார். எனக்கு அம்பத்தி நாலு வயசு. சின்ன மக இப்பத்தான் காலேஜுல சேந்திருக்கா. சின்னவர் என்னையக் கூப்பிட்டு, "தீபாவளி வரைக்கும் கோஆர்டினேட்டரா இருங்கண்ணே, அப்புறம் பாப்போம்"னுட்டாரு. அப்புறம் பாப்போம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? போன் அடிக்கிறது அடியோட நின்னு போச்சு. ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துல பாயாசம் வரைக்கும் உக்காந்து சாப்பிட்டேன். என் வீட்டுக்காரிக்கு சந்தோசம் தாங்கல. எனக்குத் தொண்டையில எறங்கல சார். பக்கத்து இலைக்காரர் போன் அடிச்சா என் பையைத் தடவிக்கிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆவணி கடைசியில ஜே 82000-ல நிக்குது. இந்த ஓட்டத்துல போனா தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால தீந்துரும். சரியான நேரம். கூட்டம் அலைமோதும். டிக்கெட் நிக்கும். கோயமுத்தூர்க்காரன் முழிப்பான். டோக்கன் மேல டோக்கனாப் போடுவாய்ங்க. கடைசியில சின்னவரே என்கிட்ட ஓடி வருவாரு. நான் எந்திரிச்சு, சட்டையைச் சரி பண்ணிக்கிட்டு, ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்துவேன். அதுக்கப்புறம் எவன் என்னைய வெளிய அனுப்புவான்? இதை நினைச்சு நினைச்சு நாப்பது நாள் ஓட்டினேன்.

தினம் சாயங்காலம் வீரணனைக் கூப்பிட்டு, "கடைசி டிக்கெட் நம்பர் எம்புட்டுடா?"ன்னு கேப்பேன். தொண்ணூத்தி ஆறாயிரம். தொண்ணூத்தி எட்டாயிரம். "ஏண்ணே, லாட்டரி கீட்டரி அடிக்கிறீங்களா?"ன்னான்.

அந்த நாள் வந்துச்சு. செவ்வாக்கிழமை. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். காலையில 99600. இந்த நாற்காலியிலதான், நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுலதான் உக்காந்திருந்தேன். போனை எதிர்ல வச்சுக்கிட்டு. பாத்ரூமுக்குக்கூடப் போகல. பதினோரு மணிக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு சார். ஊருக்குப் போற சனத்தை நினைச்சேன். கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு லைன்ல நிக்கிற பொம்பளைங்க. இவங்க என்ன பண்ணாங்க என்னைய? சொல்லித் தொலைச்சுருவோமான்னு தோணுச்சு. தோணும்போதே, சொல்லிட்டா அதோட நீ காலின்னு இன்னொண்ணு தோணுச்சு. உக்கார முடியல. ஆட்டோ புடிச்சு மாட்டுத்தாவணிக்குப் போயிட்டேன்.

வீரணன் கவுண்டருக்குள்ள போயி அவன் முதுகுக்குப் பின்னால நின்னேன். முன்னால அம்பது, அறுபது பேர் லைன். 99990 ஓடுது. 99994. 99997, ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர், பேத்தியோட. அவருக்கு ரெண்டு டிக்கெட். 99998. அப்புறம் ஒரு காலேஜுப் பொண்ணு. 99999. அடுத்தாள் ஒரு அம்மா, கையில பட்டாசுப் பை. வீரணன் பேரைக் கேட்டு அடிக்கிறான். நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

பிரிண்டர் சத்தம் கேட்டுச்சு சார். கிர்ர்னு.

டிக்கெட்டை வாங்கிப் பாத்தேன். அந்தம்மா கையில இருந்து புடுங்கித்தான் பாத்தேன், அது சத்தம் போட்டுச்சு. கே 00001. அழகா விழுந்திருக்கு. வீரணன் திரும்பி, "என்னண்ணே, சாமி கண்ட மாதிரி நிக்கிறீங்க"ன்னான்.

எப்படி வந்தேன்னு தெரியல, நேரா சின்னவர் ரூமுக்கு வந்து நின்னேன். ராஜினாமான்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அவரு எந்திரிச்சு வந்து கையைக் குடுத்தாரு. "அண்ணே, கே சீரிஸ் நல்லபடியா மாறிருச்சு, கோயமுத்தூர்ல இருந்து மெசேஜ் வந்துச்சு. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். உண்மையைச் சொல்றேன், உங்க மேல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. எதையாவது அமுக்கி வச்சுக்குவீங்கன்னு ஆடிட்டரும் சொன்னாரு. இதையே சொல்லிட்டீங்கன்னா அப்புறம் எனக்கு என்ன சந்தேகம்? நீங்க இருங்கண்ணே. தீபாவளி, பொங்கல்னு கெடு எல்லாம் கிடையாது."

எனக்கு ஒண்ணும் புரியல. அவர் மேசையில ஹெப்சிபா எழுதின புத்தகம் கிடந்துச்சு. இருநூத்திப் பன்னெண்டு பக்கம். ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுனாரு. 'டிக்கெட் எண் வரிசை 99999-ஐத் தொட்டதும் முன்னெழுத்து மாற்றப்பட வேண்டும். மாற்றும் முறை கீழே. இனி தானாகவே மாறும்படி செய்யப்பட்டுள்ளது.' அடியில, 'தகவல் தந்தவர்: திரு. சோலைமலை. ஆகஸ்ட் 27, மாலை நான்கு மணி.'

ஆகஸ்ட் இருபத்தி ஏழு நான் ஆபீசுலயே இல்ல சார். கொழுந்தியா மகனுக்குக் காதுகுத்து. அழகர்கோயில்ல இருந்தேன்.

கீழ எறங்கி வந்து ஹெப்சிபாவுக்குப் போன் போட்டேன். "யம்மா, அந்த நம்பர் விசயம் நான் எப்ப சொன்னேன்?"

"சொன்னீங்க சார். புத்தகத்துல தேதியோட இருக்கே."

"அன்னிக்கு நான் லீவும்மா."

அந்தப் பக்கம் அதோட பையன் ஏதோ பாட்டுப் பாடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், "அப்ப தேதியைத் தப்பாப் போட்டுட்டேன் போல சார். மாத்திரவா?"ன்னுச்சு.

"வேணாம்மா. இருக்கட்டும்"னேன். பொம்பளை நான் எழுதின ப்ரோக்ராமை வரி வரியாப் படிச்சிருக்கு சார். 'இங்க கை வைக்காதே'ன்னு எங்கெங்க எழுதியிருக்கேனோ அங்க பூராம் கை வச்சுப் பாத்திருக்கு. கண்டுபுடிச்சும் சின்னவர்கிட்டப் போயி வத்தி வைக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே என் கதை முடிஞ்சிருக்கும். எனக்கு அழுகை வந்துருச்சு. வெக்கமாவும் இருந்துச்சு. படியில உக்காந்துக்கிட்டேன்.

"யம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது ஒண்ணு மட்டும் இல்ல. இன்னும் மூணு இருக்கு. சொல்லாம வச்சுக்கிட்டேன். எழுதிக்கிறியா?"

"சொல்லுங்க சார்."

சொன்னேன். பிப்ரவரி இருபத்தி ஒம்பதாந்தேதி வந்தா என்ன ஆகும்கிறது. திருச்செந்தூர் பஸ்ஸுக்கு மட்டும் சீட்டுக் கணக்கு எதுக்கு வேற மாதிரி இருக்குங்கிறது. சர்வர் நின்னா எங்க தட்டணும்கிறது. ஒண்ணொண்ணையும் பொறுமையாக் கேட்டுச்சு. எழுதுற சத்தத்தைக் காணோம்.

"எழுதுனியாம்மா?"

"எழுதியிருக்கு சார். நூத்தி எண்பத்தெட்டு, நூத்தித் தொண்ணூத்தொண்ணு, இருநூத்தி மூணாம் பக்கம். எல்லாம் நீங்க சொன்னதுதான்."

அம்புட்டுதான் சார் கதை. நல்ல கம்பெனி. தாராளமாக் குடுக்கலாம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கே உங்க பேப்பர்ல, அதுல செலவு குறையும்னு எழுதிக்கங்க. அதுதான் எல்லாரும் எழுதுறது.

போன் அடிக்குது பாருங்க, உங்களதுதான். எடுங்க, பரவால்ல. பேசுங்க.

...

என்னவாம்? ஆஸ்பத்திரியில சிஸ்டம் நின்னுருச்சாமா? பாஸ்வேர்டு கேக்குறாங்களா? "யாரும் தொடாதீங்க, நான் வந்துதான் பாக்கணும்"னு சொன்னீங்களே, காதுல விழுந்துச்சு. அட, அங்க கம்ப்யூட்டர் இன்சார்ஜே நீங்கதானா? உங்களையே விசாரிச்சுட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்காய்ங்களா?

உக்காருங்க சார். திண்டுக்கல் பஸ் பத்து நிமிசத்துக்கு ஒண்ணு இருக்கு, போயிக்கலாம். கதவை மட்டும் லேசாச் சாத்திட்டு வாங்க. சொல்லுங்க, நீங்க எத்தனை வச்சிருக்கீங்க?